மஞ்சள் தொப்பி போட்ட கிளாக்கர்

துறைக்கு வந்து சைக்கிளை நிறுத்தியதும் ஜசிந்தன் தேடுவது மேசையைத்தான். வாவிக் கரையில் மேசை இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். பிறகு நாலு சீமெந்துப் பைகளை அடுக்கச் சொல்லி, மேலே பழைய பத்திரிகையை விரித்து, கோப்பு ஒன்றை எடுத்து வைப்பார். கோப்பின் விளிம்பும் பையின் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு கருங்கல் துண்டு வைப்பார். அந்தக் கல்லையும் கழுவித் துடைத்த பிறகுதான் வைப்பார்.

தலையில் மஞ்சள் தொப்பி. வாங்கி எட்டு மாதமாகிறது. கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை. தலையை ஆட்டினால் அது சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டால் வேலையாட்கள் பீடியை அணைத்துவிட்டு, சிரிப்பையும் அணைத்துக்கொள்வார்கள்.

பதினொரு வருடம் அவர் மட்டக்களப்பு டவுனில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தார். அவர் திருப்பி அனுப்பாத விண்ணப்பக்காரர் அந்தப் பக்கத்தில் குறைவு. தோணிப் பதிவுக்கு வந்த நல்லரத்தினத்தை மூன்று தரம் திருப்பினார். முதல்தரம் படம் கோணலாக ஒட்டியிருந்தது. இரண்டாம் தரம் கையெழுத்து கோட்டைத் தாண்டியிருந்தது. மூன்றாம் தரம், பெயரில் பிழைத்த ஓர் எழுத்தை அந்த மனிதர் டிப்பெக்ஸ் பூசித் திருத்தியிருந்தார்.

"வெள்ளை பூசின கடதாசி செல்லாது ஐயா. பிழைய ஒளிக்கிறவர் நாளைக்கு எதையும் ஒளிப்பார். புதுசா எழுதிட்டு வாங்க."

அந்தக் குப்பியைக் கடன் கொடுத்தது பக்கத்து மேசை நிருஷா. ஜசிந்தன் அதைப் பறித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அது அந்தப் பைக்குள்தான் கிடக்கிறது. கூடவே கோப்புக் கட்டும் நூல், ஸ்டேப்ளர், முத்திரை மை, பசைக் குப்பி. அளவு நாடா எல்லாவற்றுக்கும் அடியில்.

கிளாக்கர் வேலையை அவர் விட்டதற்குக் காரணம் சம்பளமல்ல. பாலம், பள்ளிக்கூடம், கிணறு என்று எத்தனையோ கட்டடங்களின் கோப்புகள் அவர் கையால் போயின. கட்டி முடிந்ததும் ஒன்றிலும் அவர் பேர் இல்லை. "என்ட மகளுக்கு ஒண்டையாவது காட்டி, இது நான் கட்டினது எண்டு சொல்லணும்" என்பார். இரண்டு வருடம் சனியும் ஞாயிறும் வகுப்புக்குப் போனார். சோதனையில் நல்ல புள்ளி. தொழினுட்ப உத்தியோகத்தர், சுருக்கமாக டீ.ஓ. ஆனார். ஆள் மாறினாரா என்று கேட்டால், தொப்பி மட்டும் மாறியது.

கலவை கூட்டும்போது கிட்டப் போகமாட்டார். சப்பாத்தில் படும். சட்டைப் பையில் நாலு நிறத்தில் பேனா. கொங்கிறீட்டின் பலத்தைப் பார்க்க எடுக்கும் கட்டிகளுக்கு அழகாகப் பெயரும் திகதியும் ஒட்டுவார். கட்டி உடைந்துவிட்டால் ஒட்டிய தாளுக்குத்தான் கவலைப்படுவார். யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "எழுத்தில தாங்க."

இந்த இறங்குதுறை அவருக்குத் தனியாகக் கொடுத்த முதல் வேலை. மேல்தளம் எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்பதை மட்டும் பொறியியலாளர் வெற்றிடமாக விட்டு, "இடத்தில பார்த்து நீங்களே போடுங்க" என்று சொல்லியிருந்தார். ஜசிந்தன் தை மாதத்தில் ஒருநாள் வந்து, தண்ணீரிலிருந்து அளந்து, 0.45 மீற்றர் என்று படிவத்தில் முத்துப்போல எழுதிக் கையெழுத்தும் வைத்தார். முழங்கால் அளவு போதுமே என்பது அவருடைய கணக்கு.

அவர் அளந்தது ஆத்துவாய் வெட்டி நாலாம் நாள். மழைக்கு வாவி முட்டினால் கடலோடு சேரும் இடத்து மணல்மேட்டை வெட்டி விடுவார்கள். வெள்ளம் கடலுக்குப் போய்விடும். வாவி வற்றிக் கிடக்கும். இந்தக் கரையில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் அது தெரியும். டவுனில் பிறந்து வளர்ந்த ஜசிந்தனுக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் அதைக் கேட்கும் கட்டம் இல்லையே!

பங்குனியில் பலகை அடித்து, கம்பி கட்டி, மறுநாள் கொங்கிறீட் என்ற நிலையில்தான் மேசன் தங்கராசா வாயைத் திறந்தார்.

"சேர், இது சரியான பதிவா, தாழக் கிடக்கு. கார்த்திகையில இதுக்கு மேலால மீன் ஓடும்."

"எழுத்தில தாங்க அண்ணன்."

"நான் கரண்டி பிடிக்கிறவன். எழுத்துக்கு எங்க போற?"

தோணியைக் கட்டிக்கொண்டிருந்த நல்லரத்தினம் சிரித்தார். "எழுத்து வேணுமாகா? நான் மூணுதரம் தந்தன், மூணுதரமும் திருப்பி விட்டீங்க. அந்தக் கம்பப் பாருங்க. வாவி தன்ட கையால எழுதி வெச்சிருக்கு. அதையும் திருப்பி விடுவீங்களா?"

பழைய துறையின் கண்டல் கம்பொன்று தண்ணீரில் நின்றது. அதில், இடுப்புக்கு மேலே, காய்ந்த பாசியும் சிப்பியும் ஒட்டிய கோடு. ஆத்துவாய் வெட்டுவதற்கு முன் வாவி நின்ற உயரம் அது. ஜசிந்தன் அதைப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்தார்.

அளவு பிழை என்று பொறியியலாளருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். அரைப் பக்கம். ஆனால் மாத முடிவில்தான் அவருடைய நியமனம் உறுதியாக வேண்டும். அப்படிப்பட்ட கடிதங்கள் எந்தக் கோப்பில் எத்தனை வருடம் கிடக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பதினொரு வருடம் அவற்றைத் துளைத்து நூல் கோத்தவரே அவர்தான். கடிதம் எழுதாவிட்டாலோ, மகளைக் கூட்டிவந்து தண்ணீருக்குள் விரல் நீட்டி, "அடியில கிடக்கே, அது நான் கட்டினது" என்று சொல்ல வேண்டிவரும்.

பின்னேரம் வேலையாட்கள் போனார்கள். ஜசிந்தன் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்தார். காற்சட்டையை, கடிதத்தை உறைக்குள் இட மடிப்பதுபோல, ஒழுங்காக மடித்துத் தொடைவரை ஏற்றினார். எட்டு மாதத்தில் முதல்தரம் தண்ணீரில் இறங்கினார். நல்லரத்தினம் தோணியை விட்டு வந்து அளவு நாடாவின் மறுமுனையைக் கம்பில் பிடித்தார். தண்ணீரிலிருந்து கோடுவரை எண்பது சென்ரிமீற்றர். ஜசிந்தன் வாய்க்குள் ஏதோ கூட்டினார். திரும்பவும் கூட்டினார்.

கரையேறிச் சீமெந்துப் பைகளுக்கு முன் நின்று படிவத்தை எடுத்தார். பைக்குள் கையை விட்டு, நூல், ஸ்டேப்ளர், பசை எல்லாவற்றையும் தள்ளி, நிருஷாவின் குப்பியை வெளியே எடுத்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். 0.45 என்ற இலக்கத்தின்மேல் மெதுவாக, கோடு தாண்டாமல், பூசினார்.

"நல்லா ஊதுங்க ஐயா" என்றார் தோணியிலிருந்து நல்லரத்தினம். "காயாட்டிச் செல்லாது."

ஜசிந்தன் வாவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். முழங்காலிலிருந்து தண்ணீர் சொட்ட, உதட்டைக் குவித்து ஊதினார். ஒவ்வொரு ஊதலுக்கும் தொப்பியின் பொலித்தீன் சரசரத்தது.