ஜீப்பில் ஏறிய பொருளாதாரம்

கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, திராட்சைப் பந்தல்களுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் நடுவே இருக்கும் ஒரு கல்லூரியில் நான் பொருளாதாரம் நடத்துகிறேன். மாணவர்களைக் கேட்டால், நடத்துவதாக நான் சொல்லிக்கொள்கிறேன் என்பார்கள். மதிய வகுப்பில் முன்வரிசை என்னைப் பார்க்கும், நடுவரிசை கடிகாரத்தைப் பார்க்கும், பின்வரிசை கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை உள்வாங்கும். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்த ஏற்பாடு அது.

கெடுத்தவர் எங்கள் முதல்வர். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தெரிந்ததும், ஆசிரியர்கள் அத்தனை பேரும் உடனடியாகச் சுவாரசியமானவர்களாக மாற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். எங்களை மாற்றித் தர சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். விரிவுரை முறை செத்துவிட்டது என்று காலை முழுக்க விரிவுரை ஆற்றினார். கேள்வி கேட்க இடம் கொடுத்தால்தான் மாணவர்கள் கற்பார்கள் என்பதை, எங்களை ஒரு கேள்வியும் கேட்க விடாமல் விளக்கினார். மதியம், எங்கள் மனத்தடைகளை வண்ணத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். 'சம்பளம்' என்று எழுதியிருந்த கணிதத் துறைக்காரரின் தாளை மட்டும் முதல்வரே வந்து கிழித்துக்கொண்டு போனார்.

கடைசியாக வந்தது தலைகீழ் வகுப்பறை. பாடத்தை ஆசிரியர் வீடியோவாக எடுத்து அனுப்பிவிட வேண்டும். மாணவர்கள் வீட்டில் ஆவலோடு பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் விவாதம் மட்டும்தான். "இதை முதல்ல செய்யப்போறது யாரு?" என்று பயிற்சியாளர் கேட்ட அதே நேரத்தில், மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லலாம் என்று நான் கையைத் தூக்கியிருந்தேன். பலத்த கைதட்டல்.

வீட்டில் என் கணவர் போனைப் பிடித்துக்கொள்ள, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை விளக்கினேன். ஒரு பொருளை அடுத்தடுத்து நுகரும்போது, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் திருப்தி முந்தையதைவிடக் குறையும் என்பதுதான் விதி. பாடப்புத்தகத்தில் ஆப்பிள் இருந்தது. நான் மண்ணின் மைந்தர்களுக்காக அதைப் பன்னீர் திராட்சையாக மாற்றினேன். படத்தில் என் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. பாடத்துக்குத் தலை தேவையில்லை என்று கணவர் சமாதானம் சொன்னார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மறுநாள், "எல்லாரும் பாத்தீங்களா?" என்றேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அன்று வராதவனுக்காகவும் ஒருவன் கையைத் தூக்கினான்.

"எதைப் பத்தி பேசியிருந்தேன்?"

நெடுநேர யோசனைக்குப் பிறகு முன்வரிசையிலிருந்து பதில் வந்தது. "பொருளாதாரம் பத்தி, மேம்."

விவாதம் அத்துடன் முடிந்தது. மீதி நேரத்தில் அதே பாடத்தைப் பழையபடி கரும்பலகையில் நடத்தினேன். ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தும் நவீன உத்தி அன்று எனக்குக் கைவந்தது.

அன்று மாலை ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

"வணக்கம் டீச்சரம்மா. நான் ஒங்க வகுப்புல சன்னலோரம் உக்காருற புள்ளையோட அம்மா. ஏலக்காத் தோட்டத்து வேல முடிஞ்சு மலையில இருந்து எறங்கிட்டிருக்கோம். நீங்க அனுப்புன படத்த ஜீப்புல எல்லாரும் பாத்தோம். நல்லாச் சொன்னீக. ஒரே ஒரு சந்தேகம். மொதக் கொத்துல இருக்குற ருசி மூணாவது கொத்துல இல்லேங்கிறீக, சரி. காசுக்கும் அப்படித்தானா? எங்க தோட்டத்து மொதலாளிக்கு எம்புட்டு வந்தாலும் ருசி கொறையக் காணோமே."

அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த மாணவிக்குத் தனி போன் கிடையாது. குழுவில் இருந்தது அம்மாவின் எண். அம்மாவோ விடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு கேரளத்துத் தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடுவார். என் தலைகீழ் வகுப்பறை, என் மாணவர்களை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிட்டு, மலையேறிப் போய்விட்டது.

அந்தச் செய்தியை மூன்று முறை கேட்டேன். வகுப்பில் நான் கேட்ட கேள்விக்கே பதில் வந்ததில்லை. என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு எத்தனை காலமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றே பதிலைப் பேசி அனுப்பினேன். பணம் ஒரே பொருள் இல்லை, எந்தப் பொருளாகவும் மாறிக்கொள்ளும், அதனால் அதில் சலிப்பு மெதுவாகத்தான் வரும், வருமா என்பதிலேயே பொருளாதாரக்காரர்களுக்குள் சண்டை உண்டு என்றேன். "அவுகளுக்கே தெரியலையா, அப்பச் சரி," என்று திருப்தியோடு பதில் வந்தது.

அதன் பிறகு வாரம் ஒரு வீடியோ. பயிற்சியாளர் தராத கருத்துகளை எல்லாம் ஜீப் தந்தது. "ஓட்டமா ஓடாதீக டீச்சரம்மா, வளைவுல சத்தம் கேக்க மாட்டேங்குது." "நெத்தி தெரியிற மாதிரி நில்லுங்க." "திராட்சைய விட்டுருங்க, பாத்துப் பாத்து எங்களுக்குத் தெகட்டிருச்சு." நான் வேகத்தைக் குறைத்தேன், தலையைச் சேர்த்துக்கொண்டேன், திராட்சைக்குப் பதில் புரோட்டாவுக்கு மாறினேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் சன்னலோரத்துப் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேம், எங்கம்மாவுக்கு வீடியோ அனுப்பாதீக."

"ஏன்மா?"

"சோறு போடுறப்பக் கேள்வி கேக்குறாக. தெரியலைன்னா, ஒன்னையப் படிக்கத்தான அனுப்புனேன், அங்கன போயி என்ன செய்றேன்னு கேக்குறாக. எங்கம்மா மட்டும் இல்ல மேம். அந்த ஜீப்புல வர்றவுக புள்ளைகள்ல கொஞ்சப் பேரு நம்ம வகுப்புலதான் இருக்காக. எல்லா வீட்டுலயும் இதே கததான்."

என் முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "குழுவுல போட்டா எல்லாருக்கும்தான்மா போகும்," என்று பரிதாபமாகக் கையை விரித்தேன்.

அடுத்த வாரங்களில், பின்வரிசையில் கண்கள் திறக்கத் தொடங்கின. அறிவுத் தாகமெல்லாம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்ற எளிய ஆசைதான். வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "இதைக் கேட்டா என்ன சொல்றது மேம்?" என்றார்கள். அவர்கள் மனக்கண்ணில் எதிரே அமர்த்திப் பார்த்துக்கொண்டது என்னையல்ல, அவரவர் அம்மாவை. பரவாயில்லை, கேள்வி வந்தது.

முதல்வரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "மாணவர் பாத்தா கற்பித்தல் புதுமை. தாய்மார் பாத்தா சமூக விரிவாக்கம். அறிக்கையில ரெண்டு பத்தியிலயும் போட்டுருங்க," என்றார். மதிப்பீட்டுக் குழு இரண்டு பத்தியையும் படித்ததாகத் தெரியவில்லை. கல்லூரித் தோட்டத்தில் வைத்திருந்த புதிய பூந்தொட்டிகளைப் பாராட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குச் சன்னலோரத்துப் பெண்ணின் அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். குரலை வைத்து நான் பெரிய உருவத்தைக் கற்பனை செய்திருந்தேன். வந்தவர் என் தோளுயரம்தான் இருந்தார். முதல்வர் கும்பிட்டு, "பொண்ணு படிப்பைப் பத்தி ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

"அதெல்லாம் வீட்டுல கேட்டுக்கிருவேன் சார். டீச்சரம்மா சொன்னதுல ஒண்ணு தப்பா இருக்கு, அதச் சொல்லத்தான் வந்தேன்."

முதல்வர் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெல ஏறுனா வாங்குறது கொறையும்னு சொன்னீக. ஏலக்காய்க்கு வெல ஏறுறப்பத்தான் வியாபாரிக அடிச்சுப்பிடிச்சு வாங்குறாக. நான் கண்ணால பாக்குறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சன்னலோரத்துப் பெண் முந்திக்கொண்டாள். "அய்யோ, முன்னபின்ன மாத்திச் சொல்லாதம்மா. வெளியூர்க்காரக நெறையக் கேட்டதாலதான் வெல ஏறுச்சு. வெல ஏறுனதால கேக்கல."

"ரெண்டும் ஒண்ணுதான ஆத்தா?"

"ஒண்ணு இல்லம்மா. மத்ததெல்லாம் மாறாம இருந்தா அப்படின்னு மேம் மொதல்லயே சொன்னாகள்ல. நீ அத விட்டுட்ட."

"மத்ததெல்லாம் எங்கடி மாறாம இருக்கு?"

கூட்டம் முடிந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோகும்போதும் இருவரும் விடவில்லை. மகள் காற்றில் விரலால் தேவைக் கோட்டை வரைந்து, அதை அப்படியே வலப்பக்கம் நகர்த்திக் காட்டினாள். அம்மா ஒப்புக்கொள்ளாமல் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மாடிச் சன்னலில் நின்று, பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டைக் கரும்பலகையில் நான் வருடாவருடம் வரைந்திருக்கிறேன். அதற்காக ஒருவர்கூட இன்னொருவரோடு சண்டை போட்டதில்லை.