துணி காய்ந்த குழாய்

ஒன்பது வயதில் நான் இருந்த இருப்புக்கு, அடிபம்பின் கைப்பிடி என்னை ஓர் ஆளாகவே மதிக்காது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவேன். காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்வேன். பம்பு யோசித்து யோசித்து ஒரு மடக்குத் தண்ணீரைத் துப்பும். பின்னால் குடத்தோடு நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கோடைக்காலம். தண்ணீர் கீழே போகப் போகக் கைப்பிடி கனத்துக்கொண்டே வந்தது. பெரியவர்களுக்கே மூச்சு வாங்கியது.

ராயபுரத்தில் எங்கள் சந்துக்கே அந்த ஒரு பம்புதான். எங்கள் வீட்டுக்கு அடித்தவள் அம்மா. வயிற்றில் பாப்பா இருந்தபோதும் அவள்தான் அடித்தாள். அப்பா போட்டில் கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். திருவொற்றியூரில் லாரிப் பட்டறையில் வேலை; விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். "கைப்பிடி குட்டையா கீதுடா, இடுப்பு வுட்டுப் போவுது. எதுனா பண்ணேன்" என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். "பண்லாம்க்கா, நாளைக்கு" என்பார். அதற்கென்றே பட்டறையிலிருந்து ஒரு நீளமான இரும்புக் குழாயைக் கொண்டுவந்தும் போட்டார். வந்த அன்றே அது வாசல் கூரையில் இரண்டு கயிற்றுக்கு நடுவே ஏறி, எங்கள் துணி காயும் கொடியாகிவிட்டது. மாமாவின் நாளை மட்டும் வரவேயில்லை.

பிறகு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள். பாப்பா ஏசுவிடம் போய்விட்டது என்று எதிர்வீட்டு அத்தைதான் எனக்குச் சொன்னாள். "உங்கம்மா இனிமே பம்பைத் தொடக்கூடாது கண்ணு. தொட்டா அவளும் நமக்கில்ல" என்றாள். அப்படித்தான் பம்பு என் தலையில் விழுந்தது. நான் தொங்குவதை அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பொறுக்காமல் எழுந்து வந்து கைப்பிடியில் கை வைத்துவிடுவாள். நான் அவள் கையைக் கிள்ளி விரட்டுவேன். பள்ளியில் எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்நேரம் அம்மா பம்படியில் நிற்கிறாளோ என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். மணி அடித்ததும் பையைக்கூட மூடாமல் ஓடிவருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து வாசலுக்கும் பம்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். கொடுத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. திடீரென்று கொடியில் கிடந்த ஈரத் துணிகளையெல்லாம் அள்ளி என் தோளில் போட்டுவிட்டு, குழாயை உருவினார். பம்பின் கைப்பிடியில் அதைச் சொருகி, துளை போட்டு, போல்ட்டை மாட்டி முறுக்கினார்.

முழுக் குழாயையும் அப்படியே மாட்டியதுதான் தப்பு. மேலே போன நுனி எனக்கு எட்டவில்லை. மாமா பிடித்து இறக்கினால், சந்தின் அந்தப் பக்கம்வரை போய் எதிர்வீட்டுப் படியில் இடித்தது. படியில் இருந்த குடம் உருண்டது.

"யோவ், இன்னாய்யா இது? பம்பை அடிக்கச் சொன்னா என் வூட்டை இடிக்கிற?" என்று அத்தை வெளியே வந்தாள்.

மாமா சண்டையென்றால் சட்டையை மடித்துக்கொண்டு நிற்பவர். அன்று, "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரம்பத்தை எடுத்து ஒரு முழம் அறுத்தார். படிக்கு ஆபத்து நீங்கியது. எனக்கு எட்டுவதற்காக இன்னொரு சாண் அறுத்தார். அறுத்தால் கனம் கூடியது, அறுக்காவிட்டால் சண்டை வந்தது. ஒரு வழியாக இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார்.

நான் பிடித்தேன். தொங்கவில்லை, சும்மா இழுத்தேன். அந்தப் பிடிவாதக்கார இரும்பு என் பேச்சைக் கேட்டுக்கொண்டு இறங்கியது. ஒன்றுதான் புரியவில்லை. கை அவ்வளவு தூரம் போய்வந்தும், விழுந்த தண்ணீர் பழைய அளவுதான். கனத்தில் விட்டதைத் தூரத்தில் வாங்கிக்கொள்கிறது என்பதெல்லாம் பின்னால் பள்ளியில் படித்தது. அன்று எனக்கு வந்தது சந்தோஷம் மட்டுமே. இனி அம்மா சாக மாட்டாள் என்ற சந்தோஷம். எதிர்வீட்டு அத்தையும் முணுமுணுத்துக்கொண்டே தன் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"யக்கா, நீ வா. ஒரு தபா தொட்டுப் பாரு. கனமே இல்ல" என்று மாமா கூப்பிட்டார்.

அம்மா வந்தாள். ஒரு கையால் அழுத்தினாள். தண்ணீர் கொட்டியது. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு கையை எடுக்காமல் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதானாடா வேல?"

மாமா குனிந்து ரம்பத்தை எடுத்தார்.

"இத்தினி மாசமா துணி காய்ஞ்சுகினு கெடந்துச்சே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அழும் சத்தம் வெளியே கேட்டது. மாமா ரம்பத்தை வைத்துக்கொண்டு பம்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்ற யாரும் அவரை எழச் சொல்லவில்லை.

எனக்குக் கோபமாக வந்தது. நல்லது நடந்திருக்கிற நேரத்தில் இப்படியா அழுவார்கள்? ஈரத் துணி இன்னும் என் தோளில்தான் இருந்தது. எதிர்வீட்டுக்கு ஓடி ஒரு மூங்கில் கழியைக் கேட்டு வாங்கிவந்து, பழைய கயிறுகளில் நுழைத்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டேன். பிறகு உள்ளே போனேன்.

"அழாதம்மா. துணி காய வேற கழி கட்டிட்டேன்" என்றேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். ஒரு கழி போதாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் கையை விலக்கிவிட்டு, இன்னொன்று கேட்க நான் மறுபடியும் வெளியே ஓடினேன்.