சாயங்காலம் மட்டும் நல்ல நேரம்

வீட்டுக்குப் பின்னால் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அண்ணாச்சியின் பருத்திக்காடு. போன வருஷம் பருத்தி பூத்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மருந்தடித்தார். மதியம் பார்த்தால் பெட்டி வாசலில் தேனீக்கள் நாக்கை நீட்டிக்கொண்டு குவியலாகச் செத்துக் கிடந்தன. சில மட்டும் தரையில் சுற்றிச் சுற்றி வந்தன. அள்ளும்போது அழுதுவிட்டேன்.

அன்றைக்கே வேலியோரம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, காலையில பூவுல ஈ உக்காந்திருக்கும். சாயங்காலமா அடிச்சீகன்னா அதுக பெட்டிக்குத் திரும்பியிருக்கும்."

"எங்காட்டுக்கு வரச்சொல்லி ஒங்க ஈக்கு நானா வெத்தலைபாக்கு வச்சேன்?"

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. முடி வெட்டுவதற்குக்கூட தினசரி காலண்டரில் நேரம் பார்ப்பார். எனக்கோ சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் பக்கம் வடிவமைக்கும் வேலை. விடுவேனா?

ஒரு காலண்டரில் இரண்டு மாதத்துத் தாள்களை உருவிவிட்டு, நானே அச்சடித்த தாள்களைக் கோத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில்: 'காலையில் மருந்தடித்தல் ஆகாது. மாலை ஐந்தரைக்கு மேல் உத்தமம்.' சமாதானமாகப் போவதுபோல் அவரிடம் கொடுத்தேன். அடுத்த மருந்தை அவர் சாயங்காலம்தான் அடித்தார். என் பெட்டி வாசலில் மறுநாள் ஒரு சாவுகூட இல்லை.

ஒரு மாதம் கழித்து காலண்டரும் கையுமாக வந்து நின்றார். பின்னாலேயே அவர் மனைவி, சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டு.

"ஏம்மா, டீக்கடைக் காலண்டர்ல கல்யாணத்துக்கு, வீடு குடிபோக நேரம் போட்டிருக்கு. எனக்கு மட்டும் பூச்சிமருந்துக்கா போட்டிருக்கு?"

ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்ய?

"ஒருத்தனை ஏமாத்த இம்புட்டு அச்சு வேலையா!" என்றார். பிறகு குரலை இறக்கினார். "ஆனா சாயங்காலம் அடிச்சா தலைசுத்தல, கண்ணும் எரியல. இனிமே அடிக்கிறதுக்கு முன்னாடி போன் போடுதேன்."

சொன்னபடியே போடுகிறார். என் தேனீக்களுக்கு அவர் வைத்திருக்கும் பேர் 'வீட்டு ஆளுக'. போன வாரம் கம்பெனியில் இருந்தபோது அழைத்தார். அவர் குரலுக்கு ஸ்பீக்கரே வேண்டாம்.

"நாளைக்குச் சாயங்காலம் மருந்து வைக்கப்போறேன். ஒங்க வீட்டு ஆளுகளை உள்ள விட்டுப் பூட்டிரும்மா!"

பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.