இடது இறகில் ஒரு கிழிசல்

இன்று காலை வண்டிப்பெரியார் பஸ்ஸில் பக்கத்தில் செல்வி வந்து உட்கார்ந்தார். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். கணவர் இறந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"சார், நீங்க பூச்சியப் பாத்தே பேரு சொல்லுவீகளாம்ல. இது என்னன்னு பாருங்க" என்று போனை நீட்டினார்.

சுவரில் மாலை போட்ட கணவரின் படம். அதன் மேல் ஒரு சாண் அகலத்துக்கு அட்லஸ் அந்துப்பூச்சி.

"அவுக பதினாறாம் நாளன்னைக்கு வந்துச்சு சார். ஒரு நாள் பூரா அசையாம இருந்துட்டுப் போயிருச்சு."

வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன். "இதால எதையும் சாப்பிட முடியாதும்மா. புழுவா இருந்தப்ப தின்னதுதான். அதை வச்சு ஒரு வாரம் உயிரோட இருக்கும்."

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவுகளும் கடைசி ஒரு வாரம் வாயில ஒண்ணும் வாங்கல சார்."

என் பக்கம் திரும்பி, "திரும்ப வரும்ல? சாரல் அடிச்சாலும் நான் ஜன்னலச் சாத்துறதில்ல" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது இறகின் ஓரத்தில் பிறை போல ஒரு கிழிசல். எனக்கு நன்றாகத் தெரிந்த கிழிசல். போன மாதம் பஸ் ஸ்டாப் விளக்கடியில் செத்துக் கிடந்ததை எடுத்து வந்து, ஊசி குத்தி, பெயர்ச்சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்தவன் நான்தான்.

"வரும்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து வெகு நேரமாகிறது. பெட்டி இருக்கும் அறைக்குள் இன்னும் போகவில்லை.

விடை தெரிந்தும் தப்பாக எழுதிய பிள்ளைக்கு நான் மார்க் போட்டதே இல்லை. நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?