லத்தீன் படித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. "கொக்கா மடத்துக்குப் போனவதானே?" என்று இன்றைக்கும் அக்காவைப் பற்றி என்னைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா பிறந்தது பாலையூற்றில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அக்கா உயர்தரம் படிக்கும்போதே அவர் காலமானார். அம்மாவின் தையல் இயந்திரத்தை நம்பித்தான் வீடு இருந்தது. மூத்தவர் படித்து வேலைக்கு வந்தால்தான் நாங்கள் நிமிரலாம் என்ற நிலையில், பல்கலைக்கழகம் போன அக்கா தேர்ந்தெடுத்த பாடம் லத்தீனும் கிரேக்கமும். அது சோறு போடுமா என்று ஊரே கேட்டது.

எங்கள் தேவாலயப் பங்கில் லத்தீன் தெரிந்தவர்கள் சுவாமிமாரும் சிஸ்டர்மாரும்தான். எனவே அக்கா கன்னியாஸ்திரி ஆகப்போகிறார் என்று கதை பரவிவிட்டது. மாமி செபமாலையோடு வந்து, "இருக்கிற ஒரு பொம்பிளைப் பிள்ளையையும் மடத்துக்குக் குடுக்கிறியளோ?" என்று அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அம்மாவும் சேர்ந்து அழுதார். அக்கா மட்டும் சிரித்தபடி என் காதில், "பேசாம இரு தம்பி. படிச்சு முடியும்வரைக்கும் ஒருத்தரும் கலியாணம் பேச வரமாட்டினம்" என்றார். அப்படியே நடந்தது. பட்டம் பெற்றபின் அத்தானைத் தானே தேர்ந்தெடுத்தார். அந்தக் கலியாணத்தில் மாமிதான் முதல் வரிசையில் இருந்தார்.

பிரச்சினைக் காலத்தில் படித்த படிப்பு அது. ஒருமுறை சோதனைச் சாவடியில் கிரேக்கப் புத்தகத்தை ஏதோ இரகசிய எழுத்து என்று நினைத்து அக்காவை இறக்கிவிட்டார்கள். பஸ் போய்விட்டது. அக்கா அலட்டிக்கொள்ளாமல், அந்தச் சிப்பாய்க்கு எழுத்து எழுத்தாக விளக்கியிருக்கிறார். கடைசியில் அவர் தன் பெயரையும் அதில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

கூடப் படித்தவர்களில் ஒருவர் பழம்பொருட்கள் காக்கும் நூதனசாலைக்குப் போனார், ஒருவர் பத்திரிகைக்கு, இன்னொருவர் வங்கிக்கு. அக்கா முதலில் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் சேர்ந்தார். "லத்தீன் படிச்சுப்போட்டு இங்க என்ன செய்வீங்கள்?" என்று நேர்முகத்தில் கேட்டார்களாம். "விளங்காத ஒரு பக்கத்தைத் தாங்கோ. விளங்கும்வரைக்கும் எழும்பமாட்டன்" என்று அக்கா சொல்ல, வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பிறகு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார். அதுதான் அவருக்கென்றே அமைந்த வேலை.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க ஏலாது. படகு இயந்திரம் திருடியதாகக் கிண்ணியா மீனவர் ஒருவர்மேல் வழக்கு. நீதவானுக்குத் தமிழ் தெரியாது. மனிதர் பயத்தில் எங்கெங்கோ சுற்றினார். சின்னம்மா முறையான சாச்சியின் சுகவீனம், தவறவிட்ட பஸ், மழை என்று கதை நீண்டது. அவருடைய சட்டத்தரணியே பொறுமை இழந்து, "களவெடுக்கேல்லை எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ மிஸ்" என்றார். அக்கா நீதவானைப் பார்த்து, "அவர் இன்னும் முடிக்கேல்லை, ஐயா. அவர் சொல்லுற முழுவதையும் சொல்லுறதுதான் என்ர வேலை" என்றார். நீதவான் தலையசைத்தார். மீதிக் கதையில்தான், களவு போன நேரம் அவர் ஆஸ்பத்திரியில் சாச்சிக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது வெளிவந்தது. விசாரித்துப் பார்த்து அவரை விட்டுவிட்டார்கள்.

"பழைய மொழியில ஒரு சொல்லை விட்டாலும் வசனம் கவிழ்ந்துபோகும். மனுசர்ர கதையும் அப்பிடித்தான்" என்று அக்கா சொல்வார். அவர் படித்த படிப்பின் அருமை எனக்கு அந்த வழக்கு முடிந்த அன்றுதான் விளங்கியது. இப்படி ஒருவரோடு கூடப் பிறந்ததை என் பாக்கியமாகவே நினைக்கிறேன்.

இறுதி நாட்களில் கண்ணை இமை காப்பதுபோல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், கஞ்சியோடு வந்த லிங்கநகர் நண்பர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், செத்தவீட்டுக்குப் பிள்ளைகளோடு வந்து பந்தல் போட்டுத் தந்த அந்தக் கிண்ணியாச் சகோதரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வைத்தியருக்கும் நன்றி சொல்லவேண்டும். அவர் என்னை வெளியே கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, எதையும் மறைக்காமல் சொன்னார். நான் உள்ளே போய், "கொஞ்சநாள் மருந்து எடுத்தாச் சுகமாகுமாம் அக்கா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "அவர் கனநேரம் கதைச்சவர். நீ ஒரு வசனத்தில முடிச்சுப்போட்டாய். முழுக்கச் சொல்லு தம்பி."

சொன்னேன். எங்கே பரவியிருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கலாம், நோவு எப்படி வரும், எல்லாம். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"ஒண்டும் விடேல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "வடிவாச் சொன்னாய்" என்றார்.