முப்பத்தொரு சிவப்புக் கோடுகள்

காது ஆராய்ச்சித் துறையில் எல்லாரும் அவளை மைக்செட் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டுமே! அவள் வாயைத் திறந்தால் மாடியில் இருப்பவன் எட்டிப் பார்ப்பான், அப்படியொரு தொண்டை. அது பிறவியில் வந்ததில்லை. அவளுடைய அப்பா கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவர். முப்பது வயதுக்குள்ளேயே இரும்புச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. அந்த வீட்டில் மெதுவாகப் பேசுவதும் பேசாமல் இருப்பதும் ஒன்றுதான்.

வங்கியோ, மருத்துவமனையோ, யார் எது சொன்னாலும் அப்பா இவள் பக்கம் திரும்பி, "என்ன சொல்றார்?" என்பார். இவள் கத்திச் சொல்லுவாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் டீச்சர், "உங்க பொண்ணு சரியான வாயாடி, கணக்குல முட்டை" என்று சொன்னபோது, "நல்லாப் படிக்கிறாளாம்ப்பா!" என்று கத்தினாள் இவள். டீச்சர் மூஞ்சி போன போக்கைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார். வெளியே வந்ததும், "நீதானடி என் காது. காதே பொய் சொன்னா நான் எங்க போவேன்?" என்றார். அடித்திருந்தால் ரெண்டு நாளில் மறந்திருப்பாள். அன்றிலிருந்து எதையும் மாற்றிச் சொன்னதில்லை.

படித்ததும் காதைப் பற்றித்தான். பதினோரு பட்டறைகளுக்கு அலைந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் காதுகளைச் சோதித்தாள். ஒவ்வொருவரையும் சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, பீப் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லுவாள். அதில் முப்பத்தொரு பேர், இருபத்தைந்து வயதுகூட ஆகாத பயல்கள், பொத்தான்மேல் விரலை வைத்தபடி சும்மாவே உட்கார்ந்திருந்தார்கள். அறுபது வயதுக் கிழவரின் காது அவர்களுக்கு. வீட்டுக்கு வந்து அழுதாள்.

அந்த வருடத் துறை மாநாட்டில், அவள் ஆய்வைப் பார்த்து யோசனை சொல்ல ஆலோசகராக வாய்த்தவர் பெரியவர். துறையில் அப்படிச் சொன்னாலே அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். பட்டறைச் சத்தம் இவ்வளவு இருக்கலாம், அதனால் இளம் வயதுக் காதுக்கு ஒன்றும் ஆகாது என்று இருபது வருடம் முன்னால் எழுதிப் பேர் வாங்கியவர். இவளுடைய தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவுக்குத் தலைவரும் அவரேதான். குடுமி முழுக்க அவர் கையில்!

வட்ட மேசையில் எதிரும் புதிருமாக இருபது நிமிடம். பெரியவர் அவளுடைய பட்டியலைப் புரட்டினார்.

"நல்ல உழைப்பும்மா. ஆனா இந்த முப்பத்தொண்ணும் உதைக்குதே. பசங்க எந்நேரமும் காதுல பாட்டை மாட்டிக்கிட்டுத் திரியறவனுங்க."

"அதையும் கேட்டிருக்கேன் சார். பாட்டே கேக்காதவங்களுக்கும் அதே கதிதான்."

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. இது சந்தையில்ல." சிவப்புப் பேனாவைத் திறந்தார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இதுங்களை எடுத்துட்டா ஆய்வு சுத்தமாயிடும். வர்ற மாசம் வேலைக்கும் நான் பார்த்துக்கறேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! ஒவ்வொரு வரியாக, முப்பத்தொரு கோடு கிழித்தார். நாற்பது வருடம் மாணவர் தாள் திருத்திய கை அல்லவா? பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் தானாகவே விழுந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த மாநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆலோசகர் எழுதிக் கொடுத்ததை, அவரவர் ஆய்வை அச்சடித்து ஒட்டும் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே குத்தி வைக்க வேண்டும். பெரும்பாலும் 'அருமை, தொடர்க' என்றுதான் இருக்கும். பெரியவர் சுவரொட்டிக் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தே பல வருடம் ஆகிறது. அந்த வழக்கமே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை அவள் பட்டியலை முழுசாக அச்சடித்து ஒட்டினாள், முப்பத்தொரு பேரையும் சேர்த்துத்தான். பக்கத்தில், சிவப்புக் கோடு போட்ட தாள்களை வரிசையாகக் குத்தினாள். வேலை போனாலும் போகலாம். சோறு போடுகிற வேலை. ஆனாலும் குத்தினாள்.

பத்து மணிக்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கையெழுத்தைக் காட்டிக் கிசுகிசுத்தார்கள். மகள் ஒட்டியதைப் பார்க்க அப்பாவும் வந்திருந்தார், பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, துவைத்து மடித்த சட்டையில்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் வேக வேகமாக வந்தார். தாள்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் உதட்டில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அவள் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அந்தத் தாளையும் அந்த முப்பத்தொரு பேரையும் இப்பவே எடு. எடுக்கலைன்னா வேலையை மறந்துடு" என்றார்.

அப்பா அவள் தோளைத் தட்டினார்.

"என்ன சொல்றார்?"

ஒரு கணம் ஆடிப்போனாள். 'நல்லா இருக்காம்ப்பா' என்று சொல்லிவிட்டு, தாள்களை எடுத்துவிட்டால் போதும். அப்பா சிரிப்பார், வேலையும் தங்கும். ஒன்பது வயதில் சொன்ன அதே பொய்தான். பாழாய்ப்போன பொய், நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

விழுங்கிவிட்டாள்.

"முப்பத்தொரு பேரையும் எடுக்கணுமாம்ப்பா! எடுக்கலைன்னா எனக்கு வேலை கிடையாதாம்!"

அது தொண்டையா, ஆலைச் சங்கா! கூடம் முழுக்க அப்படியே நின்றது. காபிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

பெரியவர் அவசர அவசரமாக, "நான் அப்படிச் சொல்லலை... இவ ஏதோ..." என்று வாய்க்குள்ளேயே முனகினார்.

அப்பா சுவரில் இருந்த சிவப்புக் கோடுகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெரியவருக்கு நேராக நின்றார். காது கேட்காதவர் அல்லவா, அவர் குரலும் கூடத்தை நிறைத்தது.

"எனக்குக் கேக்கல சார். இன்னொரு தடவை சொல்லுங்க. எம் பொண்ணு மாத்தாம சொல்லுவா."

அவள் பெரியவரின் வாயையே பார்த்தபடி நின்றாள்.