கணபதியில் ஒரு காசினோ

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. வீட்டுக்குப் பின்னாலேயே என் கணவரின் பட்டறை. மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் வேலை. பகல் முழுக்க லேத்துச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் எனக்கு என்னவோ ஏதோ என்று பதறும்.

அந்த வருடம் ஒரு பேரிங் கம்பெனிக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களைக் காத்மாண்டுவுக்குக் கூட்டிப் போனார்கள். இவரும் போனார். கோயிலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். ஆனால் திரும்பி வந்து பேசியதெல்லாம் காசினோவைப் பற்றித்தான். சிவப்புக் கம்பளமாம், சுழலும் சக்கரமாம், டை கட்டிய ஆட்கள் சீட்டுப் போடுவார்களாம்.

"ஏம்புள்ள, நம்ம கல்யாண நாளுக்கு நம்மூட்லயே ஒரு காசினோ வெச்சா எப்படி இருக்கும்?" என்றார்.

"உங்களுக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்குதுங்க" என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஆசைதான். கல்யாண நாள் என்றால் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பாயசம் வைப்பதோடு சரி. ஒரு வருடமாவது வேறு மாதிரி இருக்கட்டுமே!

சக்கரத்தை அவரே கடைந்தார். அலுமினியத் தட்டு, நடுவில் அசல் பேரிங், சுற்றிலும் சிவப்பும் கறுப்புமாக எண்கள். பட்டறைக்காரர் புத்தி எங்கே போகும்? நூலளவு ஆட்டம்கூட இல்லாமல் பாலன்ஸ் பார்த்துப் பார்த்துச் செய்ததில், சுற்றிவிட்டால் நிற்கவே மாட்டேன் என்றது. நான் உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வந்தேன், அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், கண்ணை மூடிக்கொண்டு கையால் பிடித்து நிறுத்துவது என்று முடிவாயிற்று. காசு வைத்து ஆடவே கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டதால், திருப்பூரிலிருந்து கலர் கலராகச் சட்டைப் பட்டன் வாங்கி வந்தோம். ஜெயிப்பவருக்கு எவர்சில்வர் தூக்குப்போசி பரிசு.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அழகுக்கும் படிப்புக்கும் குறைவில்லை. ஆனாலும் வரன் தகையவில்லை. காரணம் அவள் வாய். உள்ளதைப் போட்டு உடைத்துவிடுவாள். ஒரு மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு நல்லா சமைக்குமுங்களா?" என்று கேட்க, "ஓ, எல்லாம் செய்யுமுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "இல்லீங்க, எல்லாம் நங்கைதான் செய்வாங்க. எனக்குச் சுடுதண்ணி வெக்கத்தான் தெரியும்" என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். அன்றைக்கு அந்த நங்கைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்படிப்பட்டவளுக்குக் காங்கேயத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போனதும் என்னிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "இவரே இருக்கட்டுங்க நங்கை" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதுவரை வந்ததே இல்லை.

ஆனால் அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. அன்று காபியைக்கூடத் தொடாமல்தான் போயிருந்தார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றால் சம்மதம் என்று அர்த்தம். தரகர் மட்டும் ஒன்று சொல்லி வைத்திருந்தார்: மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சீட்டுக்கட்டைக் கண்டாலே ஆகாது, அவர் பிறந்த வீட்டுத் தோட்டம் சீட்டாட்டத்தில்தான் போனது என்று. காங்கேயத்தில் இருப்பவருக்குக் கணபதியில் நடப்பது எங்கே தெரியப்போகிறது என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

கல்யாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மத்தியானம் பட்டறை நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். இவர் கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் சீட்டு, ஒரு பக்கம் சக்கரம் என்று ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறக்காத நண்பர் மனைவி ஒருவர், பட்டனைக் குவித்து வைத்துவிட்டு, "வா சாமி, வா சாமி" என்று சக்கரத்தைக் கும்பிட்டார். "கண்ணத் தொறந்துட்டுப் புடிக்கறீங்க!" என்று இவரோடு எல்லோரும் சண்டை. ஒரே சிரிப்பு.

அப்போது வாசலில் கார் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும்!

"சூலூர்ல ஒரு கல்யாணமுங்க. அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு சொல்லாமக் கொள்ளாம வந்துட்டோம்" என்றார் அந்த அம்மா. சொல்லாமல் வந்தால்தானே ஒரு வீட்டின் லட்சணம் தெரியும்! அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சீட்டுக்கட்டெல்லாம் சோபா மெத்தைக்கு அடியில் போயிருந்தது. சக்கரத்தை எங்கே ஒளிப்பது? கூடத்து நடுவில் மேசைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இதென்னுங்க தம்பி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அதுங்களா... புது மாடல் பம்புக்கு டெஸ்டிங்குங்க" என்றார் இவர்.

அவர் மில்காரர், விடுவாரா? விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. "அட, அருமையான வேலையா இருக்குதுங்களே! நம்பரெல்லாம் எதுக்குங்க?"

"பார்ட் நம்பருங்க" என்று இவருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நண்பர்கள் எல்லோரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள். சோபாவில் உட்கார்ந்துவிட்ட அந்த அம்மா மட்டும் இவர் கழுத்து டையையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ச் சொம்போடு என் நாத்தனார் வந்தாள். சும்மா இரு என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "ஏனுங்கம்மா, அண்ணனும் நங்கையும் பொய் சொல்றாங்க. இது சூதாட்டச் சக்கரமுங்க. இன்னிக்கு இவங்க கல்யாண நாளு, அதுக்கு வெளையாட்டா ஆடறோம். காசு வெக்கலீங்க, பட்டன்தான். சீட்டுக்கட்டு அந்த மெத்தைக்கு அடியில இருக்குதுங்க."

"நீயும் ஆடுனியா கண்ணு?" என்றார் அந்த அம்மா.

"ஆடுனேனுங்க" என்று கையை விரித்தாள். உள்ளங்கையில் சிவப்புப் பட்டன்கள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அந்த அம்மா எழுந்தார். போய்விட்டது, இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் மேசைக்குப் போய், சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையை வைத்து நிறுத்தினார்.

"எங்கப்பா சீட்டாடுனது ஊருக்கே தெரியுமுங்க. எங்கம்மாவுக்கும் எனக்குந்தான் தெரியாது. கேக்கறப்பல்லாம் ஊட்டுல இருந்தவிங்க அத்தனை பேரும் சேந்து ஒரு கதை சொன்னாங்க. தோட்டத்துல வேற ஆளு ஏர் ஓட்டறதப் பாத்துட்டுத்தான் எங்கம்மா தெரிஞ்சுக்கிட்டாங்க." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு என் நாத்தனார் பக்கம் திரும்பினார். "சீட்டு எனக்கு ஆகாது கண்ணு, அதை எடுத்துப்போட்டுரு. அடுப்புல அரிசிம்பருப்புச் சோறா? வாசம் வருது."

"ஆமாங்க."

"நீ செஞ்சதா?"

"இல்லீங்க, நங்கை செஞ்சது."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எலையப் போடு அம்மணி. நாங்க கை நனைச்சுட்டே போறோம்."

கூடமே மூச்சை விட்டது. இவர் அந்த டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இலை அறுக்கப் போன நாத்தனாரைக் காணோமே என்று பின்பக்கம் போனால், வாழையடியில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். நானே இலையை அறுத்து அவள் கையில் கொடுத்தேன்.

சக்கரத்தை மாப்பிள்ளையின் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போதும் காங்கேயத்தில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய், நெய், பருப்புப்பொடி எல்லாம் அதன்மேல்தான் சுற்றி வருகின்றன. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அத்தனை வருடம் அவள் வாயை மூடப் பார்த்தவள் நான். அந்த வாய்தான் அவளுக்கு ஒரு வீட்டைத் தேடிக் கொடுத்தது என்பது, அங்கே போய்ச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நினைவுக்கு வந்து, எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் ரொம்ப நிறைவாகவும் இருக்கிறது.